மூலை வலை ஏன் விழுந்தது, உறி ஏன் நின்றது: ஒரு பொம்மை வலையின் நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடி வீடு. படுக்கையறை மூலையில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், முக்கோணமாக ஒரு குரோஷா (கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாகப் பின்னுவது) வலை. மூன்றரை வயதுப் பெண் குழந்தையின் பொம்மைகள் எல்லாம் அதற்குள். ஒரு பிற்பகலில் வலப்பக்கக் கொக்கி, தன் பிளாஸ்டிக் பிளக்கோடும் ஒரு கைப்பிடி சிமெண்ட் பூச்சோடும் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பொம்மைகள் கட்டிலில் கொட்டின. அந்த நேரம் கட்டிலில் யாரும் படுத்திருக்கவில்லை.

குரோஷா சொல்லித் தருபவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "நூல் சரியில்லைன்னு நினைக்கிறோம். வேற நல்ல நூல்ல இதையே திரும்பப் பின்னித் தர முடியுமா?"

வலையைக் கையில் வாங்கி விளிம்பிலிருந்து விளிம்புவரை பார்த்தேன். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. நூல் பலவீனமானது என்றால் நூல்தானே முதலில் போயிருக்க வேண்டும்? போனது சுவர். இதையே நல்ல நூலில் பின்னிக் கொடுத்தால் அடுத்த கொக்கியும் வரும், இன்னும் கொஞ்சம் பெரிய சிமெண்ட் கட்டியோடு.

வலையின் வரலாறு

குழந்தையின் சித்தி காணொளி பார்த்துப் பின்னியது. நூல், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் துணியை நாடாவாக வெட்டிச் சுற்றி விற்கிறார்களே, அந்தப் பனியன் நூல். விலை மலிவு, நிறம் அழகு, கைக்கு மெத்தென்று இருக்கும், தடித்த ஊசியில் சரசரவென்று வளரும். தொடக்கக்காரர்களுக்கு நானே இதைத்தான் கையில் கொடுப்பேன். கால்மிதி, கூடை, தலையணை உறை எல்லாவற்றுக்கும் அருமையான நூல். தொங்கவிடுவதற்கு மட்டும் ஆகாது. பனியன் துணியே நுண்ணிய வளையங்களால் பின்னப்பட்டது. நாடாவை இழுத்தால் அந்த வளையங்கள் நேராகும், நாடா நீளும். அதை வைத்து நாம் மறுபடி வளையம் வளையமாகப் பின்னுகிறோம். ஆக, வளையத்துக்குள் வளையம். இரண்டும் நீளும்.

பின்னலின் அமைப்பும் தொய்வுக்குத் துணை போயிருந்தது. ஏழு செயின் (சங்கிலி வளையம்) போட்டு, முந்தைய வரிசையின் வளைவில் ஒரு சிங்கிள் குரோஷே (பூட்டிப் பிடிக்கும் குட்டைப் பின்னல்) போட்டு, மறுபடி ஏழு செயின் என்று போகிற சாதாரண வலைப்பின்னல் அது. இதில் சிங்கிளை எங்கே குத்துகிறோம் என்பது முக்கியம். வளைவுக்கு அடியில் உள்ள இடைவெளியில் ஊசியை விட்டால் வேலை வேகமாகும். ஆனால் அந்த முடிச்சு வளைவின்மேல் வழுக்கி நகரும். நடுச் செயினின் இழைக்குள்ளேயே ஊசியைக் குத்தினால் நகராது. மீன் வலையில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சால் பூட்டப்பட்டிருப்பதால்தான் அளவு மாறுவதில்லை. இந்த வலையில் எல்லா முடிச்சும் இடைவெளியில் போட்டவை. பொம்மையின் கனம் விழுந்த இடத்தில் கண்ணிகள் விரிந்து, ஓரத்துக் கண்ணிகள் சுருங்கி, நடுவில் ஒரு தொப்பை விழுந்திருந்தது.

இதுவரை யாருக்கும் ஆபத்து இல்லை. தொய்ந்த வலை அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். வினை அதற்குப் பிறகு செய்த ஒரு காரியத்தில் இருந்தது: வலை தொய்கிறதே என்று இழுத்துக் கட்டினார்கள்.

இழுத்துக் கட்டியதில் என்ன ஆனது

வீட்டிலிருந்த புகைப்படங்களைக் கேட்டு வாங்கினேன். வலை மாட்டிய புதிதில் எடுத்த படத்தில் அதன் முன்விளிம்பு, கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி கீழ்நோக்கித் தொங்குகிறது. குழந்தையின் பிறந்தநாளன்று எடுத்த படத்தில் 10 டிகிரிதான் இருக்கும்; வலை விறைப்பாக, பார்க்க லட்சணமாக இருக்கிறது. இடையில் சித்தி வந்து முனைகளைச் சுருக்கிக் கட்டியிருக்கிறார்.

பொம்மைகளைப் பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் நிறுத்தோம். 6 கிலோ. துணிப் பொம்மைகள் மட்டும் என்றால் 4 கிலோதான். மீதி, மரக்கட்டைகளும் கார்களும்.

துணி காயப்போடும் கொடியில் ஒரு ஈரத் துண்டைப் போட்டுவிட்டு, கொடி துளிகூடத் தொய்யக்கூடாது என்று இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: எவ்வளவு இழுத்தாலும் நடுவில் கொஞ்சம் இறங்கியே நிற்கும், அந்தக் கொஞ்சத்தைப் போக்க இழுக்க இழுக்க, கம்பம்தான் சாயும். கணக்கு இதுதான். இரண்டு முனையில் கட்டிய கயிற்றின் நடுவில் ஒரு கனம் தொங்கினால், ஒவ்வொரு முனையிலும் விழும் இழுவை, அந்தக் கனத்தை தொய்வுக் கோணத்தின் சைன் மதிப்பின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. 30 டிகிரியில் சைன் அரை. எனவே 6 கிலோ பொம்மைக்கு ஒவ்வொரு கொக்கியிலும் 6 கிலோ இழுவை. 10 டிகிரியில் சைன் 0.17 சொச்சம், இழுவை 17 கிலோவுக்கு மேல். ஒரு பொம்மைகூடக் கூடவில்லை. இழுத்துக் கட்டியதாலேயே சுவரின் பாரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிட்டது.

மூலையிலும் ஒரு கொக்கி இருந்ததால் உண்மையில் பாரம் இன்னும் கொஞ்சம் பங்கிடப்பட்டிருக்கும். முக்கோண வலைக்குத் துல்லியக் கணக்கு வேறு. ஆனால் போக்கு இதேதான்.

அடுத்து, இழுவையின் திசை. சுவரில் அடித்த கொக்கி கீழ்நோக்கிய கனத்தை நன்றாகத் தாங்கும். காலண்டரும் கடிகாரமும் அப்படித்தான் பல வருடம் தொங்குகின்றன. சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசையைத் தாங்குவது வேறு விஷயம். அங்கே பிளக்கின் பிடிமானம் ஒன்றுதான் துணை. மூலை வலையின் முன்விளிம்பு இரண்டு சுவருக்கும் 45 டிகிரியில் ஓடுகிறது. 17 கிலோ இழுவையில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 12 கிலோ, கொக்கியை நேரே வெளியே பிடுங்கும் வேலையைச் செய்கிறது. ராத்திரி பகலாக.

அந்தச் சுவர் எது? துளையில் விரல் வைத்தால் வெள்ளையாக மாவு ஒட்டுகிறது. லைட்வெயிட் பிளாக். இப்போது கட்டும் அடுக்குமாடிகளில் பல இந்தக் கல்லில்தான் எழும்புகின்றன. காற்றுக்குமிழ் நிறைந்த கல் என்பதால் கட்டடத்தின் பாரம் குறையும். ஆனால் செங்கல்லுக்கு அடிக்கும் குட்டை பிளக் இதில் பிடிக்காது. இதற்கென்று நீள பிளக்குகள் தனியாக இருக்கின்றன. யாரும் சொல்லாமல் வாடகைக்கு இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த மூலை வலை வடிவம் மரச்சட்டம் போட்டுச் சுவர் எழுப்பும் அமெரிக்க, கனடா வீடுகளில் தவறில்லாதது. அங்கே சட்டத்தைத் தட்டிப் பார்த்துத் திருகாணியை மரத்தில் முடுக்கிவிட்டால் அசையாது. வடிவத்தை மட்டும் இறக்குமதி செய்து, சுவரை இறக்குமதி செய்யாததுதான் இங்கே நடந்தது.

பாட்டி கேட்ட கேள்வி

சரி, தொய்வை 45 டிகிரிவரை விட்டு, நீள பிளக் அடித்து, கான்கிரீட் தூண் இருக்கும் பக்கமாக மாற்றி மாட்டலாம் என்று நான் தாளில் வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒயர் கூடைக்கு அடி பின்னிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங் கண்ணு, சுவத்துல ஆணியடிச்சு எதுக்கு? உறி கட்டறாப்ல மேல இருந்து தொங்க உட்டா ஆகாதா? தூளிக் கொக்கி சும்மாதான கெடக்குது."

அண்ணாந்து பார்த்தேன். அறை நடுவில், கூரையில், குழந்தைக்குத் தூளி கட்டிய கொக்கி. தளம் போடும்போதே கம்பியோடு கம்பியாகக் கட்டிக் கான்கிரீட்டில் புதைத்தது. ஒரு குழந்தையையும் ஆட்டத்தையும் சேர்த்துத் தாங்கிய கொக்கிக்கு 6 கிலோ பொம்மை ஒரு பொருட்டே இல்லை. (கட்டி முடித்த பிறகு துளையிட்டு முடுக்கிய கொக்கி என்றால் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன், ஆள் வைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும்.)

தயிரும் நெய்யும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் இருக்க விட்டத்தில் தொங்கவிட்ட உறியில், கயிறுகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகின்றன. பானையின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் இழுவை. பக்கவாட்டில் யாரையும் இழுப்பதில்லை. நாங்கள் பின்னப்போகும் உறிக்கு மூன்று பட்டை என்று வைத்தால், 6 கிலோவில் ஒவ்வொரு பட்டைக்கும் வருவது ஏறக்குறைய 2 கிலோ. மூலை வலையில் அதே பொம்மைகளுக்கு 17.

உறியில் உள்ள சிக்கல்

பானைக்கான உறியில் யாரும் தலையை விடுவதில்லை. குழந்தை விடும். விளையாட்டுத் திடல் சாதனங்களுக்கான ஐரோப்பிய, அமெரிக்கத் தரநிலைகள், ஏறக்குறைய 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட மூடிய திறப்புகளைத் தலை மாட்டிக்கொள்ளக்கூடியவை என்று கருதுகின்றன. அதைவிடச் சிறியதில் உடம்பே நுழையாது, பெரியதில் தலை திரும்ப வெளியே வந்துவிடும். நடுவில்தான் உடம்பு நுழைந்து தலை சிக்கும். மேலே போகப் போகக் குறுகி ஒரு புள்ளியில் சேரும் உறிக் கயிறு, இந்த மொத்த இடைவெளியையும் கடந்துதான் ஆக வேண்டும். இந்தியாவில் கடைப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் பின்னுகிற வலையை யாரும் சோதிக்கப்போவதில்லை என்பதால் நாமே யோசித்தாக வேண்டியிருக்கிறது.

தீர்வு இரண்டு வளையம். கீழ் வளையம் வலையின் வாய். தரையிலிருந்து 60 சென்டிமீட்டர், அதாவது குழந்தையின் நெஞ்சுக்குக் கீழே. நின்றபடியே கைவிட்டு எடுக்கலாம். மேல் வளையம் 125 சென்டிமீட்டரில். குழந்தையின் உயரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒரே அளவு, 12 அங்குல எம்பிராய்டரி மர வளையங்கள். இடையில் பட்டைகள் இணையாக ஓடுவதால், பட்டைக்குப் பட்டை இடைவெளி எங்கும் 26 சென்டிமீட்டர் வரும், 23க்குக் கீழே போகாது. குறுகுவதெல்லாம் மேல் வளையத்துக்கு மேலே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில். ஸ்டூல் போட்டு ஏறினால்? அதற்கு வேறொரு ஏற்பாடு, பின்னால் சொல்கிறேன்.

பின்னிய விதம்

நூல், 3 மில்லிமீட்டர் சடைப்பின்னல் பருத்தி மேக்ரமே (முடிச்சுக் கைவேலை) கயிறு. முறுக்குக் கயிறு வேண்டாம். கனத்தில் மெல்லத் திரிபிரிந்து வலையையே சுழலவைக்கும். நைலான் வலுவானது, ஆனால் நீளும். பிஞ்சுக் கைக்கு அறுப்பாகவும் இருக்கும். மொத்தம் 150 மீட்டருக்குச் சற்றுக் கூடப் பிடித்தது. ஊசி 6 மில்லிமீட்டர்.

அடிப்பகுதி நெருக்கமாக இருக்க வேண்டும். மாய வளையத்தில் (இழுத்தால் மூடிக்கொள்ளும் தொடக்க வளையம்) 12 டபுள் குரோஷே (சிங்கிளைவிட உயரமான பின்னல்), பிறகு சுற்றுக்கு 12 வீதம் கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக வளரும். எட்டாவது சுற்றில் 96 கண் (பின்னல்). குறுக்களவு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், வளையத்தின் அளவுக்குச் சரியாக வரும். (இங்கே டபுள் என்பது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ் புத்தகம் வைத்திருப்பவர்கள் அதை ட்ரெபிள் என்று படித்துக்கொள்ளவும்.)

அதற்கு மேல் வலை. 5 செயின், 3 கண் விட்டு நான்காவதில் சிங்கிள். ஒரு சுற்றுக்கு 24 வளைவு. அடுத்த சுற்றுகளில் சிங்கிளை நடுச் செயினின் இழைக்குள் குத்த வேண்டும், இடைவெளியில் அல்ல. வேலை இரட்டிப்பு நேரம் இழுக்கும், விரல் நுனி எரியும், பரவாயில்லை. 12 சுற்று. கண்ணியில் இரண்டு விரல் நுழையும், மூன்று நுழையாது.

வாய்க்கு, கடைசிச் சுற்றையும் மர வளையத்தையும் சேர்த்துப் பிடித்து ஒவ்வொரு வளைவுக்கும் 4 சிங்கிள். 24 வளைவுக்கு மறுபடி 96. தொடங்கிய எண்ணிக்கையே விளிம்பிலும் வந்தால் கண் தவறவில்லை என்று அர்த்தம். மேல் வளையத்தையும் இப்படியே சிங்கிளால் மூடியாயிற்று.

பட்டைகளை நான் பின்னவில்லை, பாட்டி பின்னினார். முதல் நாள் குரோஷா ஊசியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்தார், மறுநாள் என்னைவிடச் சீராக இருந்தது. ஒயர் கூடைக் கை அது, இழுவை அளவு தானாக வருகிறது. பட்டையை நீளவாக்கில் பின்ன வேண்டும்: முழு நீளத்துக்கும் செயின் போட்டு, அதன்மேல் நாலு வரிசை சிங்கிள், இருபுற விளிம்பிலும் ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிச் (உயரமே சேர்க்காத மிகக் குட்டைப் பின்னல்). குறுக்கே குட்டி வரிசைகளாகத் திருப்பித் திருப்பிப் பின்னிய பட்டை அதிகம் தொய்யும்; கைப்பை பின்னியவர்கள் தோளில் பட்டிருப்பார்கள்.

அறுந்தாக வேண்டிய இழை

மூன்று பட்டைகளும் சேரும் முடிச்சையும் கூரையிலிருந்து வரும் கயிற்றையும் நேரடியாக இணைக்கவில்லை. நடுவில், மெல்லிய பருத்திக் குரோஷா நூலில் ஒரு சின்னக் கண்ணி. பொம்மைகளைத் தாங்க வேண்டும். குழந்தை தொங்கினால் அறுந்துவிட வேண்டும். ஸ்டூல் போட்டு ஏறினால் என்று கேட்டதற்கான ஏற்பாடு இதுதான். மொத்த அமைப்பிலும் பலவீனமான இடம் எது என்பதை நாமே தீர்மானித்து, அதை யாருக்கும் வலிக்காத இடத்தில் வைப்பதுதான் இதன் சூட்சுமம்.

எத்தனை இழை போட வேண்டும் என்பதை வாளியை வைத்துக் கண்டுபிடித்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணியில் காலி வாளியைத் தொங்கவிட்டு, லிட்டர் குவளையால் ஊற்றிக்கொண்டே போவது. வாளியின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 8 கிலோவைத் தாங்கி 10 கிலோவுக்குள் அறுகிற கண்ணி கிடைக்கும்வரை இழையைக் கூட்டிக் குறைத்தோம். குளியலறையில் செய்தது நல்லதாயிற்று. குழந்தையின் எடை 14 கிலோ. வலைக்குள் போடுவது இனி துணிப் பொம்மைகள் 4 கிலோ மட்டும் என்று முடிவாயிற்று. கழற்றி மாட்டும் இரும்புக் கொக்கியை இந்தக் கண்ணிக்கு மேலே, கூரைக் கயிற்றின் பக்கம் வைத்தோம். கண்ணி அறுந்தால் இரும்பு மேலேயே நின்றுவிடும். கீழே வருவது துணியும் மர வளையமும்தான்.

தூளியின் ஸ்பிரிங் இன்னும் கொக்கியில் இருந்தது. குழந்தையின் அப்பா அதையும் விட்டுவைக்கலாம் என்றார், ஆடினால் குழந்தைக்குப் பிடிக்குமே என்று. பிடிக்கும் என்பதுதான் பிரச்சினை. கழற்றச் சொன்னேன்.

மாட்டிய பிறகு

முதலில் பொம்மைக்குப் பதில் 8 கிலோ அரிசி. கண்ணியை அன்றிரவு மட்டும் எடுத்துவிட்டு நேராக மாட்டினோம். விடிந்து பார்த்தபோது வலையின் ஆழம் 35 சென்டிமீட்டரிலிருந்து 41க்கு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு இறங்கவில்லை. பருத்திப் பின்னல் முதல் பாரத்தில் தன் தளர்வைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். தரைக்கும் அடிக்கும் இடையே இன்னும் ஒரு சாண் மிச்சம்.

குழந்தை எதிர்பார்த்தபடியே விளிம்பைப் பிடித்துக் கால்களைத் தூக்கிப் பார்த்தது. கண்ணி அறுந்து உறி மெத்தென்று தரையில் உட்கார்ந்தது, குழந்தையும் கூடவே உட்கார்ந்தது. அழுகைகூட இல்லை, ஏமாற்றம்தான். பாட்டி புதுக் கண்ணி கட்டிவிட்டார். டப்பாவில் ஏற்கெனவே கொஞ்சம் பின்னி வைத்திருந்தார். அறுந்தாலும் அறாவிட்டாலும் போகிக்குப் போகி அதை மாற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். குழந்தை தனியாகத் தூங்கும் நேரத்தில் உறியைக் கழற்றி அலமாரியில் வைப்பதும் வழக்கமாகிவிட்டது.

கார்களும் கட்டைகளும் மூடியுள்ள டப்பாவுக்குப் போயின. அந்த வீட்டுக்குத் தவழும் வயதுக் குழந்தை ஒன்றும் அடிக்கடி வரும். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது. வலைக் கண்ணி வழியே நழுவித் தரையில் கிடப்பவையும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

எனக்குத் திருப்தி இல்லாத ஒன்று உண்டு. ஆழம் அதிகம். அடியில் போன யானையும் முயலும் மேலே வருவதே இல்லை. குழந்தை மேலாக இருக்கும் நாலைந்தை மட்டும் எடுக்கிறது, மறுபடி அதையே போடுகிறது. வாரத்துக்கு ஒருநாள் பாட்டி மொத்தத்தையும் பாயில் கொட்டி, கீழே கிடந்ததை மேலே வைக்கிறார். அடுத்த தெருவில் இதைப் பார்த்துவிட்டு இன்னொரு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அங்கே தூளிக் கொக்கி இல்லை. கதவின் மேல்விளிம்பில் மாட்டும் பட்டைக் கொக்கியில், கதவோடு ஒட்டித் தட்டையாகத் தொங்கும்படி, 12 சுற்றுக்குப் பதில் 7 சுற்றாகப் பின்னிக்கொண்டிருக்கிறேன். கதவில் இரண்டு வளையத்துக்கு இடமில்லை. அதனால் பட்டையே இல்லாமல், வாயை நேரடியாகக் கதவின் மேற்பாதியில் வைத்து, பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கும் வலையாகத்தான் அது இருக்கும்.